காலுக்கேற்ற சப்பாத்து, தோளுக்கேற்ற சேட்: திருகோணமலை ஆண்களுக்கான அளவு வழிகாட்டி

கடைக்குள் கால் வைத்ததும் வரும் முதல் கேள்வி, "என்ன சைஸ் அண்ணை?" சப்பாத்து என்றால் "எட்டு", சேட் என்றால் "பதினைந்தரை" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அது எந்த வருசம் அளந்த எட்டு என்று யாரும் யோசிப்பதில்லை. பலருக்கு அது ஏ.எல். படித்த காலத்து அளவு. எலும்பு வளர்வது நின்றாலும் உடம்பு பாரமாகி, பாதத்தின் வளைவு தளரத் தளர, கால் நீளத்திலும் அகலத்திலும் கொஞ்சம் விரியும். கழுத்தும் வயிறும் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை.

சப்பாத்திலும் சேட்டிலும் பிறகு திருத்தக்கூடிய இடங்கள் சில உண்டு. எவராலும் திருத்த முடியாத இடங்களும் உண்டு. திருத்த முடியாததை முதலில் பாருங்கள். சப்பாத்தில் அது குதிக்காலிலிருந்து பெருவிரல் மூட்டு வரையான நீளமும் முன்பக்க அகலமும். சேட்டில் அது தோள். இவை பொருந்தாவிட்டால் பாதி விலைக்குத் தந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.

காலை வீட்டிலேயே அளத்தல்

விடியற்காலையில் அளந்த கால் வேறு, பின்னேரம் ஐந்து மணிக்கு அளந்த கால் வேறு. நாள் முழுக்க நின்று நடந்ததில் பாதம் வீங்கும். வெயில் காலத்தில், அதுவும் கச்சான் காற்று அனலாக வீசும் நாட்களில், இன்னும் கூடும். காலை பத்து மணிக்குக் கச்சிதமாக இருந்த சப்பாத்து மாலையில் விரலை நெரிப்பது இதனால்தான். பின்னேரத்தில் அளந்து, பின்னேரத்திலேயே கடைக்குப் போங்கள்.

தேவையானவை ஏ4 தாள் இரண்டு, பென்சில், தையல் நாடா, உதவிக்கு ஒருவர்.

1. சுவரோடு தாளின் குறுகிய ஓரத்தை ஒட்டி நிலத்தில் வையுங்கள். சீமெந்து அல்லது டைல் தரை வேண்டும், பாய் வேண்டாம். ஏ4 தாளின் நீளம் 29.7 செ.மீ. என்பதால் அநேகமாக எல்லாக் கால்களும் அதற்குள் அடங்கும்.

2. போடப்போகும் சொக்ஸைப் போட்டுக்கொண்டு, குதிக்கால் சுவரில் மெல்லத் தொட, இரண்டு காலிலும் பாரத்தை விட்டு நில்லுங்கள். கதிரையில் இருந்தபடி அளந்தால் பாதம் விரியாது, பல மில்லிமீற்றர் குறைத்துக் காட்டும்.

3. குறி போடுவது மற்றவர் வேலை. நீங்களே குனிந்தால் பாரம் முன்னுக்குப் போய்க் கால் நகர்ந்துவிடும். பென்சில் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். பாதத்துக்கு அடியில் சரிந்தால் அதிலேயே 3, 4 மி.மீ. தொலைந்துவிடும். மிக நீளமான விரலுக்கு நேரே குறியுங்கள். எல்லாருக்கும் அது பெருவிரல் இல்லை, இரண்டாம் விரல் நீண்டவர்கள் நிறையப் பேர்.

4. பெருவிரல் மூட்டு, சின்னவிரல் மூட்டு இரண்டும் வெளியே புடைக்கும் இடங்களையும் குறியுங்கள். அந்த மூட்டுகளைச் சுற்றி நாடா பிடித்துச் சுற்றளவையும் எழுதுங்கள்.

5. மற்றக் காலையும் இப்படியே அளவுங்கள். இரண்டும் சமமாக வருவது அரிது. பெரிய காலுக்குத்தான் சப்பாத்து வாங்க வேண்டும். சின்னக் காலின் இடைவெளியை மெல்லிய உள்தட்டு ஒன்று வைத்து நிரப்பலாம். நெரிபடும் காலுக்கு அப்படி ஒரு வழி கிடையாது.

எண்ணுக்குள் என்ன இருக்கிறது

இலங்கையில் நாம் சொல்லும் 7, 8, 9 எல்லாம் பிரித்தானிய அளவு. அதில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒன்று, அதாவது ஏறத்தாழ 8.5 மி.மீ. ஐரோப்பிய அளவான 41, 42, 43 என்பதில் ஒவ்வொரு படியும் 6.67 மி.மீ. இரண்டுமே காலை அளப்பதில்லை; சப்பாத்து எந்த அச்சுக்கட்டையில் செய்யப்பட்டதோ அந்தக் கட்டையின் நீளத்தைத்தான் சொல்கின்றன. கட்டை காலைவிட ஏறக்குறைய 1.5 செ.மீ. நீளமாக இருக்கும்.

ஒரு காலை வைத்துக் கணக்குப் பார்ப்போம். நீளம் 26.5 செ.மீ. என்று வந்தது. 1.5 கூட்டினால் கட்டை 28 செ.மீ. ஐரோப்பிய எண்ணுக்கு அதை 1.5 ஆல் பெருக்கினால் சரியாக 42. பிரித்தானிய எண்ணுக்கு அங்குலத்தில் 11.02, மூன்றால் பெருக்கி 25 கழித்தால் 8. இந்தக் காலுக்கு இரண்டு முறையும் ஒன்றாகப் பேசுகின்றன. எல்லாக் காலுக்கும் அப்படி வராது. பிரித்தானிய 10ஐ இதே கணக்கில் மாற்றினால் 44½க்குக் கிட்ட வரும். ஒரு கம்பனி அதை 44 என்று அடிக்கும், இன்னொன்று 45 என்று அடிக்கும். "எனக்கு 44 தான்" என்று அடம் பிடிப்பவர் வேறு கடையில் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். விளையாட்டுச் சப்பாத்துகளின் நாக்கில் ஒட்டியிருக்கும் துண்டில் செ.மீ. அளவும் இருக்கும். அந்த எண்ணை உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள், மற்ற எண்களைவிட அது உதவும். அமெரிக்க எண் பிரித்தானிய எண்ணைவிட அரை முதல் ஒன்று வரை கூடுதலாக இருக்கும்.

அகலத்துக்கு நமது கடைகளில் தனி எண் கிடைப்பது அபூர்வம். இங்கேதான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். சின்ன வயதிலிருந்து செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த கால்கள் விரல் பக்கம் விரிந்தே இருக்கும். கூர்முனைச் சப்பாத்தில் அந்தக் கால் அடங்காது. உடனே கடைக்காரப் பொடியன் ஒரு சைஸ் கூட்டித் தருவான். ஒரு சைஸ் கூட்டினால் நீளம் 8.5 மி.மீ. ஏறும், மூட்டுச் சுற்றளவோ ஏறக்குறைய 6 மி.மீ. தான் ஏறும், அடித்தட்டின் அகலம் அதிலும் குறைவாகவே கூடும். விரல் இன்னும் நெரியும், குதிக்கால் கழன்று கழன்று வரும், சப்பாத்து மடிய வேண்டிய இடம் விரல் மூட்டுக்கு முன்னால் தள்ளிப்போய்விடும். சைஸை மாற்றாமல் வடிவத்தை மாற்றுங்கள். வட்டமான அல்லது சதுரமாக மழுங்கிய முனையுள்ள மாதிரியைக் கேளுங்கள்.

கடையில் பத்து நிமிடம்

சப்பாத்துக்குள் உள்தட்டு தனியாகக் கழன்று வந்தால் முதலில் அதை வெளியே எடுத்து, நிலத்தில் வைத்து, அதன்மேல் ஏறி நில்லுங்கள். கால் ஓரத்துக்கு வெளியே வழிந்தால் அந்தச் சப்பாத்து உங்களுக்கு ஒடுக்கம். தட்டின் முன்னோரத்துக்கும் நீளமான விரலுக்கும் நடுவே 1 முதல் 1.2 செ.மீ. வெறுமையாக இருக்க வேண்டும். இவ்வளவு எளிதான சோதனையை எவரும் செய்வதில்லை என்பது எங்களுக்குப் புரியாத விடயம்.

உள்தட்டு ஒட்டியிருந்தால் லேஸைக் கட்டாமல் காலை முன்னுக்குத் தள்ளுங்கள். விரல் முனையைத் தொட்டதும் குதிக்காலுக்குப் பின்னால் ஒரு சுட்டுவிரல் வழுக்கி இறங்க வேண்டும். இறங்காவிட்டால் சிறியது. இரண்டு விரல் இறங்கினால் பெரியது.

பிறகு குதிக்காலைப் பின்னுக்குத் தட்டி, லேஸை ஒழுங்காகக் கட்டி எழும்புங்கள். பெருவிரல் மூட்டு சப்பாத்தின் மிக அகலமான இடத்தில் நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு காலடி முன்னுக்கு வைத்துக் குதிக்காலைத் தூக்கினால், சப்பாத்து மடியும் கோடு அந்த மூட்டுக்கு மேலேயே விழ வேண்டும். முன்னால் விழுந்தால் மடிப்பு விரலின் முதுகைக் கடிக்கும், இரண்டு கிழமையில் அங்கே காய்ப்பு வந்துவிடும்.

டைல் தரையில் நடந்து பாருங்கள். புதுத் தோல் சப்பாத்தில் குதிக்கால் 3, 4 மி.மீ. எழும்புவது இயல்பு, அடி இளகியதும் நின்றுவிடும். சொக்ஸை இழுத்துக்கொண்டு மேலே வந்தால் நிற்காது. கடைக்குள் படி இருந்தால் நாலைந்து தரம் ஏறி இறங்குங்கள். இறங்கும்போது விரல் முனையில் முட்டினால், உவர்மலைச் சரிவில் இறங்கும்போதும் முட்டும், நகம் கறுக்கும்.

"போடப் போட இளகும்" என்பது பாதி உண்மை. தோல் அகலப் பக்கம் கொஞ்சம் இளகும், நீளப் பக்கம் இளகாது. ரெக்சின் எந்தப் பக்கமும் இளகாது. நீளம் குறைந்த சப்பாத்தை இந்த வார்த்தையை நம்பி வாங்காதீர்கள்.

கையால் செய்யும் சோதனைகள் மூன்று. குதிக்கால் காப்பை, அதாவது பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் கெட்டியான பகுதியை, இரு விரலால் நெரியுங்கள். அது தட்டையாக அமுங்கக்கூடாது. முனையையும் பின்பக்கத்தையும் பிடித்து மடியுங்கள். விரல் பக்கம் மடிய வேண்டும், நடுவில் மடிந்தால் உள்ளே தாங்குதகடு இல்லை அல்லது மட்டமானது. கடைசியாக மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். இரண்டும் நேராக நிற்கின்றனவா, ஒன்று சரிகிறதா?

கழற்றிக் கழற்றிப் போடும் ஊர்

சப்பாத்து பற்றிய பிறநாட்டு அறிவுரைகள் எல்லாம் காலையில் போட்டு இரவில் கழற்றும் ஆட்களுக்கானவை. இங்கே ஒரு வெள்ளிக்கிழமையை எண்ணிப் பாருங்கள். கந்தோர், மதியம் பள்ளிவாசல் அல்லது பின்னேரம் பத்திரகாளி அம்மன் கோயில், வழியில் ஒரு உறவினர் வீடு. ஐந்தாறு தரம் கழற்றிப் போட வேண்டும். லேஸ் அவிழ்க்கச் சோம்பல்பட்டுப் பின்பக்கத்தை மிதித்துக்கொண்டே காலை நுழைப்போம். சப்பாத்தைக் கொல்வது அந்த மிதிதான். குதிக்கால் காப்புக்குள் இருக்கும் அட்டை ஒருதரம் முறிந்தால் திரும்ப நிமிராது. அதன் பிறகு குதிக்கால் ஆடும், ஆடினால் உரசும், உரசினால் கொப்புளம்.

ஆகவே எப்படிக் கட்டுவது என்பதும் அளவின் பகுதி. ஒக்ஸ்ஃபோர்ட் என்னும் மூடிய மாதிரியில் லேஸ் துளையுள்ள பட்டிகள் முன்பக்கத் தோலுக்கு அடியில் தைக்கப்பட்டிருக்கும். பார்வைக்கு அழகு, ஆனால் புறங்கால் உயர்ந்தவருக்கு அது மூடாது, பட்டிகள் இரண்டும் வாய் பிளந்து நிற்கும். புதிதில் அரை முதல் ஒரு செ.மீ. இடைவெளி சரி, அதற்கு மேல் என்றால் விட்டுவிடுங்கள். டேர்பி மாதிரியில் பட்டிகள் மேலே தைக்கப்பட்டு விரிந்து கொடுக்கும். மாலையில் வீங்கும் காலுக்கும் அடிக்கடி கழற்றுவதற்கும் இதுவே தோது. லேஸ் இல்லாத லோஃபர் இன்னும் வசதி என்று தோன்றும். ஆனால் அதில் இறுக்கவோ இளக்கவோ வழி இல்லாததால் வாங்கும்போதே கச்சிதமாக, சற்று இறுக்கமாகவே இருக்க வேண்டும். கடையில் இலகுவாக ஏறிய லோஃபர் மூன்று மாதத்தில் செருப்பு மாதிரி அடிக்கும்.

எதை வாங்கினாலும் ஒரு சப்பாத்துக் கரண்டி வாங்கிப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக்கே போதும்.

தோல், ரெக்சின், அடி

அசல் தோலைப் பெருவிரலால் அமுக்கினால் சுற்றிலும் மெல்லிய ரேகைகள் ஓடி, விட்டதும் மறையும். ரெக்சின் ஒரு பள்ளமாக மட்டும் அமுங்கும். வெட்டிய ஓரம் தெரியும் இடத்தில் பாருங்கள்: தோலில் நார் தெரியும், ரெக்சினில் துணிப் படலத்தின் மேல் பூச்சு தெரியும். "அசல் தோல்" என்று முத்திரை குத்தியதெல்லாம் நல்ல தோல் என்று எடுக்கக்கூடாது. தோலின் அடிப்படலத்தைச் சீவி மேலே தடிப்பாகப் பூச்சடித்ததும் அந்தப் பெயரில் வரும், மடிப்பில் வெடிக்கும். திருகோணமலை வெக்கையில் மேற்பக்கத்தைவிட உட்பக்கம் முக்கியம். உள்ளே முழுக்க பிளாஸ்டிக் படலம் என்றால் வியர்வை போக இடமில்லை. உட்புறம் தோலோ துணியோ இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

அடி பற்றி ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். கலியாணத்துக்கு என்று வாங்கி, நாலைந்து தரம் போட்டு, பெட்டியோடு அலுமாரியில் வைத்த சப்பாத்து. மூன்று நாலு வருசம் கழித்து எடுத்துப் போட்டால் மண்டபத்து வாசலில் அடி கேக் மாதிரி உதிரும். பசை விட்டுவிட்டது என்று நினைப்பார்கள். உண்மையில் அது பி.யூ. எனப்படும் பொலியூரித்தேன் நுரை அடி. காற்றிலுள்ள ஈரம் அந்தப் பொருளின் இணைப்புகளை மெல்ல மெல்ல உடைக்கிறது. போட்டாலும் போடாவிட்டாலும் அது நடக்கும், வெக்கையும் ஈரமும் சேர்ந்த கடற்கரை ஊரில் வேகமாக நடக்கும். சுற்றிக் கட்டிய பொலித்தீன் பை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்து நிலைமையை மோசமாக்கும். இறப்பர் அடியும், ஈ.வி.ஏ. எனப்படும் பாரம் குறைந்த நுரை அடியும் இப்படி உதிர்வதில்லை. எப்போதாவது போடும் சப்பாத்துக்கு இறப்பர் அடியைத் தேர்ந்தெடுங்கள். பி.யூ. வாங்கினால் தினமும் போட்டு முடித்துவிடுங்கள். மலிவு விற்பனையில் பழைய இருப்பாக வரும் பி.யூ. சப்பாத்தின் அடியை நகத்தால் அமுக்கிப் பாருங்கள். ஒட்டுந்தன்மையோ பொடி வெடிப்போ தெரிந்தால் கை வைக்க வேண்டாம்.

கார்த்திகை, மார்கழி மழையில் டைல் படிகள் சறுக்கும். பளபளப்பான கெட்டி பி.வி.சி. அடி அங்கே ஆபத்து. நகம் கொஞ்சம் பதியும், விரலைத் தேய்த்தால் பிடிக்கும், அதுதான் இறப்பர். நிலாவெளிப் பக்க ஹோட்டல்களில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கும், மீன் சந்தையில் நிற்பவர்களுக்கும், தோற்றத்தைவிட இது முக்கியம்.

அநேக சப்பாத்துகளில் அடி பசையால்தான் ஒட்டப்பட்டிருக்கும். ஓரத்தில் தெரியும் தையல் சிலவேளை வெறும் அலங்காரம். பசைக்கு எதிரி சூடு. மத்தியானம் மோட்டர் சைக்கிள் பெட்டிக்குள்ளோ காரின் பின்கண்ணாடி அருகிலோ சப்பாத்தை வைக்காதீர்கள். கடல் தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உள்ளே பழைய பேப்பரைத் திணித்து நிழலில் காய விடுங்கள். பேப்பரை இரண்டு தரம் மாற்றுங்கள். வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். இரண்டு சோடி வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதும் இதற்காகத்தான். உள்ளே போன வியர்வை காய ஒரு முழு நாளாவது வேண்டும்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் மேலே சொன்ன "போட்டுப் பார்த்து உணர்வது" என்ற சோதனைகளை நம்பக்கூடாது. நரம்பு மரத்த பாதத்துக்கு நெரிவது தெரியாது, கொப்புளம் புண்ணான பிறகுதான் கண்ணில் படும். தாளில் எடுத்த அளவையும் உள்தட்டுச் சோதனையையும் மட்டும் நம்பி வாங்குங்கள். போடும் முன் கையை விட்டு உள்ளே கல், ஆணிமுனை, தையல் முடிச்சு இருக்கிறதா என்று தடவுங்கள். முதல் நாட்களில் ஒரு மணித்தியாலம் போட்டுக் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள், சிவப்பு இருந்தால் அந்தச் சப்பாத்து வேண்டாம். கோணேசர் கோயில் போன்ற இடங்களுக்குப் போவதென்றால் காலையிலேயே போய்விடுங்கள். உச்சி வெயிலில் சுட்ட கல் வெறும் பாதத்தை எரிப்பதும் அவர்களுக்குத் தெரியாமல் போகும்.

சேட்: தோளில் தொடங்குங்கள்

சேட் வாங்கும் எல்லாரும் முதலில் வயிற்றைத்தான் பார்க்கிறார்கள். வயிறு கடைசி. பக்கத் தையலைப் பிடித்துச் சுருக்குவது எந்தத் தையற்கடையிலும் அரைமணி வேலை. தோளைத் திருத்துவதென்றால் கையைக் கழற்றி, கைக்குழியை வெட்டி, திரும்பத் தைக்க வேண்டும். அதற்குப் புதுச் சேட் தைக்கலாம்.

தோள் தையல், தோளின் வெளி முனையில் விரலுக்குத் தட்டுப்படும் எலும்புக்கு நேரே நிற்க வேண்டும். கைப்பக்கம் இரண்டு செ.மீ. வழிந்தாலே அண்ணனின் சேட்டைப் போட்டதுபோல இருக்கும். உள்ளே ஏறி நின்றால் கையை முன்னுக்கு நீட்டும் ஒவ்வொரு தரமும் முதுகில் இழுக்கும், மோட்டர் சைக்கிள் ஓட்டுபவருக்கு அந்தத் தையல்தான் முதலில் விடும். அளப்பது எளிது. முதுகுப் பக்கமாக ஒரு எலும்பிலிருந்து மற்ற எலும்புவரை, கழுத்தடியைத் தொட்டபடி நாடா பிடிக்க வேண்டும்.

அடுத்தது கொலர். குரல்வளை முடிச்சுக்குச் சற்றுக் கீழே நாடாவைச் சுற்றி, இறுக்காமல் பார்த்து, 1 முதல் 1.5 செ.மீ. கூட்டுங்கள். 15 அங்குலம் 38 செ.மீ., 15½ என்றால் 39, 16 என்றால் 41க்குக் கிட்ட. மேல் பொத்தானைப் பூட்டிய பின் இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். டை கட்டாதவர், மேல் பொத்தானைப் பூட்டவே மாட்டாதவர், இதில் அவ்வளவு மினக்கெட வேண்டாம். அவர்கள் பார்க்க வேண்டியது, மேல் பொத்தான் திறந்திருக்கும்போது கொலர் நிமிர்ந்து நிற்கிறதா, கழுத்தடியில் படுத்துவிடுகிறதா என்பது. கொலருக்கு அடியில் தனிப்பட்டி வைத்துத் தைத்த சேட்டில் அது நிமிர்ந்து நிற்கும்.

மார்புக்கு, அக்குளுக்கு அடியில் மிக விரிந்த இடத்தில் நாடா பிடித்து 10 முதல் 12 செ.மீ. கூட்டுங்கள். ஸ்லிம் ஃபிட் என்று விற்பவை 7, 8 செ.மீ. மட்டுமே கூட்டியிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் துணி தோலில் ஒட்டாமல் நடுவே காற்று ஓட வேண்டுமென்றால் 12 கேளுங்கள். வயிற்றை இருந்தபடி அளவுங்கள். நின்றால் 92 இருப்பது கதிரையில் இருந்தால் 97, 98 ஆவது சாதாரணம். நின்று அளந்து தைத்த சேட்டின் கீழ்ப் பொத்தான்கள் கந்தோர்க் கதிரையில் வாய் திறப்பது அதனால்தான்.

கைக்குழி பற்றி ஒரு தப்பெண்ணம் ஊரெங்கும் இருக்கிறது. குழி பெரிதாக, தாழ்வாக இருந்தால் கை இலகுவாக அசையும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேரெதிர். குழி அக்குளுக்குக் கிட்ட உயர்ந்து இருந்தால் கை மட்டும் மேலே போகும், உடற்பகுதி இருந்த இடத்தில் இருக்கும். குழி தாழ்ந்தால் கையைத் தூக்கும்போது முழுச் சேட்டும் கூடவே ஏறி, இடுப்புக்கு வெளியே வந்துவிடும். கடைக் கண்ணாடி முன் இரண்டு கையையும் பஸ் கம்பியைப் பிடிப்பது மாதிரித் தூக்குங்கள். உள்ளே விட்ட சேட் இரண்டு அங்குலத்துக்கு மேல் வெளியே வந்தால் குழி சரியில்லை.

கட்டைக்கை மேற்கையின் நடுவில் முடியட்டும். முழங்கையைத் தொட்டால் ஆளைக் குட்டையாக்கும். நீளக்கை மணிக்கட்டு எலும்பைத் தாண்டி, கையைத் தொங்கவிட்டால் பெருவிரல் அடியில் முடிய வேண்டும். உள்ளே விடும் சேட்டின் பின்புறம் பிட்டத்தை முழுதும் மூட வேண்டும். வேட்டிக்கோ சாரத்துக்கோ மேலே வெளியே விடுவதென்றால் காற்சட்டை போட்டால் பையின் வாய் வரும் இடத்துக்குச் சற்றுக் கீழே முடிந்தால் போதும், ஓரமும் நேராக வெட்டியிருக்க வேண்டும்.

சுருக்கங்களை வாசித்தல்

அளவு நாடா இல்லாவிட்டாலும் கண்ணாடி சொல்லிவிடும். பொத்தானிலிருந்து நாலா பக்கமும் பெருக்கல் குறிபோல இழுவை விழுந்தால் அந்த இடம் இறுக்கம். இரண்டு அக்குளுக்கும் இடையே மார்பில் குறுக்காக விழுந்தால் மார்பு அளவு போதாது. முதுகில் கொலருக்கு அடியில் குறுக்காக ஒரு மடிப்பு குவிந்தால், உங்கள் தோள் நிமிர்ந்தது, சேட்டின் தோளோ சரிந்தது. கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக ஓடினால் மறுதலை, சரிந்த தோளுக்கு நிமிர்ந்த வெட்டு. முதுகில் நெட்டாகத் திரை மாதிரித் தொங்கினால் அகலம் கூட. இந்த ஒன்றை மட்டும் பிடித்துச் சுருக்கலாம். முதுகு மேல்பட்டிக்கு அடியில் இருபக்கமும் உள்ள மடிப்புகள் நடுவில் உள்ள ஒற்றை மடிப்பைவிட அசைவுக்கு உதவும். தோள்பட்டை அசைவது ஓரத்தில்தானே.

துணி

வெயிலுக்குப் பருத்தி பொப்லின் அல்லது லினன். லினன் நன்றாகக் காற்று விடும், ஆனால் பத்து நிமிடத்தில் கசங்கும். கசங்கலைப் பொறுக்காதவர் வாங்கக்கூடாது. அயன் பண்ண நேரமில்லாதவர்களுக்குப் பொலியெஸ்டர் கலந்த துணி. துண்டில் பொலியெஸ்டர் 65, பருத்தி 35 என்று போட்டிருப்பது பரவலான கலவை. வியர்வையை அது அவ்வளவாக உறிஞ்சாது, மணமும் பிடிக்கும். பருத்தி கூடிய கலவை கிடைத்தால் அதை எடுங்கள். துணியை உள்ளங்கையில் பத்து விநாடி இறுக்கி விட்டுப் பாருங்கள்: ஆழமாகக் கசங்கினால் பருத்தி, உடனே நிமிர்ந்தால் பொலியெஸ்டர். வாயோடு வைத்து ஊதினால் மறுபக்கம் காற்று கைக்குத் தெரிய வேண்டும். வெட்டுத் துணி வாங்கியவர்கள் ஓரத்திலிருந்து இரண்டு நூலை எரித்தும் பார்க்கலாம். பருத்தி பேப்பர் எரியும் மணத்தோடு சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகி மணியாகக் கெட்டிப்படும்.

அக்குளில் விழும் மஞ்சள் கறை வியர்வை மட்டும் செய்வதில்லை. வியர்வை அடக்கும் பூச்சுகளிலுள்ள அலுமினிய உப்பும் வியர்வையும் சேர்ந்து செய்வது. பூச்சு காய்ந்த பிறகு சேட்டைப் போட்டால் கறை குறையும். குளோரின் வெளுப்பான் ஊற்றினால் இன்னும் மஞ்சளாகும்.

தைப்பதா, ரெடிமேட்டா

தைப்பதென்றால் துணியை முதலில் நனையுங்கள். சாதாரணப் பருத்தி முதல் கழுவலில் 3 முதல் 5 வீதம் சுருங்கும். 75 செ.மீ. நீளச் சேட்டில் 4 வீதம் என்றால் 3 செ.மீ. போய்விடும், 40 செ.மீ. கொலரில் ஒன்றரை செ.மீ., அதாவது ஒரு முழுச் சைஸ். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் நிழலில் காயவைத்து, அயன் பண்ணிக் கொண்டுபோய்க் கொடுங்கள். 58 அங்குல அகலத் துணியில் நீளக்கைக்கு 1.6 முதல் 1.75 மீற்றர் போதும். 36 அங்குலம் என்றால் 2.5 மீற்றர் வேண்டும். கோடோ கட்டமோ உள்ள துணிக்கு அரை மீற்றர் கூட்டி எடுங்கள், இல்லாவிட்டால் பையிலும் முன்பக்கத்திலும் கோடு ஒன்றோடொன்று பொருந்தாது.

தையற்காரரிடம் "கொஞ்சம் லூசா" என்று சொல்லாதீர்கள். ஒவ்வொருவருக்கும் லூஸ் வேறு. உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் பழைய சேட் ஒன்றைக் கொண்டுபோங்கள். பொத்தான்களைப் பூட்டிக் கட்டிலில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து இரட்டிப்பாக்குங்கள். 54 என்று வந்தால் சேட்டின் மார்பு 108. உங்கள் மார்பு 96 என்றால் நீங்கள் விரும்பும் தளர்வு 12 செ.மீ. அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

ரெடிமேட்டில், குறிப்பாக ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சி வரும் சேட்டுகளில், துணியும் தையலும் நமது காசுக்கு நல்லதாகவே கிடைக்கும். ஆனால் அவை ஒதுக்கப்பட்டதற்கு ஒரு காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு உங்களுடையது. இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து நீளம் பாருங்கள். கொலரின் இரு முனையையும் சேர்த்துப் பிடியுங்கள். முன்பக்கத் துணியும் கைத் துணியும் ஒரே நிறமா என்று கடைக்கு வெளியே வெளிச்சத்தில் பாருங்கள், குழாய் விளக்கின் கீழ் நிற வித்தியாசம் ஒளிந்துவிடும். பொத்தான் துளைகளை எண்ணிப் பொத்தான்களை எண்ணுங்கள். சைஸ் துண்டு வெட்டப்பட்டிருக்கும், இருந்தாலும் அது வேறு நாட்டு உடம்புக்கு எழுதிய எண். கை நமக்கு நீண்டு நிற்கும், அதைக் குறைக்கலாம். தோள் அகன்றிருந்தால் குறைக்க முடியாது.

பிடித்துவிட்டது என்று ஒரே நிறத்தில் மூன்று தைக்கக் கொடுத்துவிடாதீர்கள். ஒன்றைத் தைத்து, இரண்டு தரம் தோய்த்து, கொலரையும் கை நீளத்தையும் திரும்ப அளந்து பாருங்கள். குறைந்த மில்லிமீற்றரைத் துண்டில் எழுதிக் கொடுத்து, அடுத்ததை அதன்படி வெட்டச் சொல்லுங்கள்.